இருபத்துநாலு அங்குலச் சில்லு

வெஸ்ட்லி, ஒஸ்லோ
19 ஜனவரி 2025

அன்புள்ள தேவி மாமிக்கு,

உங்கள் மருமகள் ஹம்சத்வனி எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். அப்பாவுக்குத் தடிமனும் காய்ச்சலும் மாறிவிட்டது, திரும்பவும் பஸ் ஓட்டப் போகிறார். உங்கள் தோள்மூட்டு நோ குறைந்ததா?

தொழிற்சாலையில் மீன் வெட்டும் மேசைக்குப் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கடிதம் என்றால் தேநீர் இடைவேளையில் வாசிக்கலாம் என்று சொன்னீர்கள். எனக்கும் அதுதான் வசதி. போனில் எனக்குக் கதை வராது. போன பிறந்தநாளுக்கு நீங்கள் எடுத்தபோது நான் பதினொரு தரம் "ம்" சொன்னேனாம். தம்பி கிருஷிகன் எண்ணி வைத்திருக்கிறான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதை அப்பா சொல்லியிருப்பார். எப்படிச் சொன்னாரோ தெரியாது. நடந்தது இதுதான். உயர்பள்ளி இரண்டாம் வருடத்தில் எல்லாப் பாடத்துக்கும் வகுப்புக்கு முன்னால் நின்று கதைக்க வேண்டும். நான் நன்றாகப் படித்துக்கொண்டு போவேன். எழுந்து நிற்பேன். அதோடு சரி. ஒருநாள் நாலு நிமிடம் அப்படியே நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அழுதுவிட்டாவது இருந்திருப்பேன். அடுத்த நாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

இப்போது வேலை தேடித் தரும் நாவ் அலுவலகம் என்னை ஒரு கராச்சுக்கு அனுப்பியிருக்கிறது. ஜூன் முடியும் மட்டும் வேலை பழகலாம். பழைய அமெரிக்கக் கார்களைக் கொண்டுவந்து மாற்றிக் கட்டுகிற இடம். உடம்பு ஐம்பது வருடப் பழசு. உள்ளே இயந்திரம், பிறேக், ஸ்டியரிங் எல்லாம் இந்த வருடத்துப் புதுசு. ரயர் பூட்டிய சில்லு மட்டும், பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பெரிசு. முதலாளி பெந்தே என்று ஒரு பெண். ஐம்பத்தாறு வயது. எலும்புத் துண்டு மாதிரி மெல்லியவர், இயந்திரத்தைக் கயிறு கட்டித் தூக்குவார்.

எனக்கு ஒபிஸ் வேலைதான். அப்பாவுக்கும் அது பிடித்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். மீன் மணம் போக நீங்கள் கைக்கு என்ன பூசுகிறீர்கள்? நகத்துக்குள் இருக்கும் கறுப்புக்கும் அது சரிவருமா?

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் பிடியுங்கள்.

உங்கள் ஹம்சா

*

பாட்ஸ்பியோர்ட்
2 பெப்ரவரி 2025

என்ரை மருமகளுக்கு,

உன்ரை கடிதம் வந்த அண்டைக்கு மேசையிலை எல்லாரும் "ஆர் ஆர்" எண்டு கேட்டவை. இந்தக் காலத்திலை ஆர் முத்திரை ஒட்டிறது? காதல் கடிதமெண்டு சொல்லிப்போட்டன். தோள் பரவாயில்லை. சூரியன் ரெண்டு கிழமைக்கு முன்னந்தான் திரும்பி வந்தவர். வந்து, தலையைக் காட்டிப்போட்டு, திரும்பப் போட்டார்.

ஒபிசிலை நகத்துக்குள்ளை கறுப்பு எங்காலை வந்தது, பிள்ளை? பேப்பரை மாத்திறதெண்டாலும் இவ்வளவு அழுக்குப் படாது. எனக்குச் சொல்லு. அண்ணாவுக்கு நான் சொல்லமாட்டன். நான் இருபத்தாறு வருசம் மீன் வெட்டிற பொம்பிளை, எனக்கு எந்த அழுக்கும் பயமில்லை.

கைக்கு: சீனியும் சமையல் எண்ணெயும் கலந்து தேய். பிறகு தேசிக்காய்.

அந்தக் கராச்சின்ரை பெயரும் முகவரியும் எழுதி அனுப்பு. எனக்கில்லை. தெரிஞ்ச ஒராளிட்டை பழைய கார் ஒண்டு கிடந்து மக்குது.

உடம்பைப் பார். தொப்பி போடாமல் வெளியாலை போகாதை.

மாமி

*

வெஸ்ட்லி
9 மார்ச் 2025

அன்புள்ள மாமிக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, கிருஷிகனுக்கு ஒரு பல் விழுந்ததைத் தவிர. அங்கே பனி குறைந்ததா?

சீனியும் எண்ணெயும் நல்ல வேலை செய்கிறது. சரி, சொல்கிறேன். நான் ஒபிசில் இல்லை. முதல் நாள் அங்கே போன் அடித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்பது தரம் அடித்து நின்றது. பெந்தே வந்து என்னையும் போனையும் பார்த்துவிட்டு ஒரு ஸ்பனரைக் கையில் தந்தார். அன்றிலிருந்து காருக்குக் கீழேதான். மாமி, அங்கே எவ்வளவு நிம்மதி தெரியுமா? மேலே கார், கீழே நான், ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு அளவு. பிழையாகச் செய்தால் அது பிழை என்று தெரியும். சரியாகச் செய்தால் "கிளிக்" என்று ஒரு சத்தம் வரும்.

அப்பாவுக்குத் தெரியாது. "பெண்பிள்ளை ஒபிசில் இருக்கிறாள்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

போன வாரம் ஸ்தவாங்கரில் இருந்து ஒருவர் கார் கொண்டுவந்தார். தமிழர்! கிளெமென்ற் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம். கார் 1973ஆம் ஆண்டுக் கப்ரிஸ். கூரையைத் திறக்கலாம். முன்னுக்கு மூன்று பேர், பின்னுக்கு மூன்று பேர் இருக்கலாம். பெந்தே என்ன நிறம் வேண்டும் என்று கேட்க, அவர் ஒரு பையை மேசையில் கவிழ்த்தார். அவித்த ராட்சத நண்டின் ஓடு! "இந்த நிறம்" என்றார். பையில் உங்கள் தொழிற்சாலையின் பெயர் இருந்தது. உங்கள் நண்டு ஸ்தவாங்கர் வரைக்கும் போகிறதா மாமி?

இனிமேல்தான் பெரிய விசயம். அவர் போன பிறகு பெந்தே என்னைக் கூப்பிட்டார். "உன் கை நல்ல கை. ஆனால் சில்லு கழலப் போகிறது என்று தெரிந்தும் வாய் திறக்காத மெக்கானிக்கை எனக்குப் பயம். இந்தக் கப்ரிஸ் உன் பொறுப்பு. சொந்தக்காரரோடு நீ கதை. வீதித் திணைக்களப் பரிசோதகரோடும் நீ கதை. அது பாஸ் பண்ணினால் உன்னை லேர்லிங் ஆக எடுக்கிறேன்" என்றார். லேர்லிங் என்றால் சம்பளத்தோடு தொழில் படிப்பது. முடித்தால் சான்றிதழ் உண்டு.

கதைக்காவிட்டால் ஜூனோடு சரி. ஆகஸ்டில் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போக அப்பா விண்ணப்பம் போட்டுவிட்டார். அதே வகுப்பு. அதே நாலு நிமிடம்.

கவனமாக இருங்கள். கத்தி வழுக்கும்.

ஹம்சா

*

பாட்ஸ்பியோர்ட்
20 மார்ச் 2025

அன்பு ஹம்சா,

நான் நல்லாயிருக்கிறன். பனி கதவு மட்டத்துக்கு நிக்குது, சுகம் விசாரிக்க வந்த மாதிரி.

நண்டு உலகம் முழுக்கப் போகுது. அதை விடு. அந்த மனிசன் அவ்வளவு தூரத்திலையிருந்து வந்தவர், சாப்பிட்டவரோ எண்டு ஒருதரும் கேக்கேல்லையோ? ஆள் மெலிஞ்சே இருக்கிறார்? இருமினவரோ? சும்மாதான் கேக்கிறன், தமிழ் ஆள் எண்டபடியால்.

நீ காருக்குக் கீழை இருக்கிறது எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் அண்ணாவுக்குச் சொல்லிப்போடு. மறைச்சு வைக்கிற விசயம் நாள் போகப் போகப் பாரமாகும். எனக்குத் தெரியும்.

அந்தக் காரை வடிவாய்ச் செய். சரியோ? மிச்சம் வடிவாய்ச் செய்ய வேணும்.

குளிருக்கை கனக்க நிக்காதை.

மாமி

*

வெஸ்ட்லி
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமிக்கு,

வருசப்பிறப்பு வாழ்த்துகள். அம்மா பலகாரம் சுட்டு உங்களுக்குத் தனிப் பெட்டியில் அனுப்புகிறார். இங்கே எல்லாரும் சுகம்.

கிளெமென்ற் அவர்கள் மெலிவும் இல்லை, இருமவும் இல்லை. நல்ல தொப்பை.

நான் அவருக்குப் போன் எடுத்தேன்! சில்லு எத்தனை அங்குலம் என்று முடிவு கேட்க வேண்டும். பெந்தே கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். அந்தப் பக்கம் கிளெமென்ற் "ஹலோ" என்றார். "ஹலோ? ஆர்? கராச்சோ? ஹம்சத்வனிப் பிள்ளையோ?" பெயர் எப்படித் தெரியுமோ, பெந்தே சொல்லியிருக்க வேண்டும். நான் மூச்சு மட்டும் விட்டேன்.

"பரவாயில்லை" என்றார். "கையிலை என்ன கிடக்கு, ஸ்பனரோ? ஓமெண்டால் ஒருக்காத் தட்டும், இல்லையெண்டால் ரெண்டு தரம்."

நான் மேசையில் ஒரு தரம் தட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"இருபத்திரண்டு அங்குலம் போடுவமோ?"

டொக் டொக். அந்த நீளமான உடம்புக்கு அது காணாது.

"அப்ப இருபத்தாறு?"

டொக் டொக். மட்காட்டுக்குள் அடங்காது.

"இருபத்துநாலு?"

டொக்!

"நல்ல பிள்ளை. எனக்கு வாற மனிசியும் இப்பிடித் தட்டினால் காணும், வீடு அமைதியாய் இருக்கும்" என்றார்.

இப்போது வாரத்துக்கு ஒருதரம் இப்படித்தான். நான் தட்டுவது பெந்தேக்குத் தெரியாது. சில்லு வந்துவிட்டது, என் இடுப்புக்குக் கிட்ட நிற்கிறது. சில்லு பெரிசானால் வேகமானி பொய் சொல்லும். எண்பது என்று காட்டும்போது கார் எண்பத்துநாலில் போகும். அதைத் திருத்துவது நான்தான். புது இயந்திரம் வைத்தாயிற்று. முதல் தரம் இயக்கியபோது பெந்தே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் மூடினேன்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பலகாரத்தை எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிடாதீர்கள், நீங்களும் சாப்பிடுங்கள்.

ஹம்சா

*

பாட்ஸ்பியோர்ட்
24 மே 2025

என்ரை ஹம்சாவுக்கு,

ஆறு கிழமையாய் ஒரு வரி இல்லை, பலகாரம் கிடைச்சதெண்டு நான் போட்ட அட்டைக்கும் பதில் இல்லை. பலகாரப் பெட்டி வெறுமையாகி, அதுக்குள்ளை இப்ப ஊசி நூல் வைச்சிருக்கிறன். உனக்குச் சுகமில்லையோ? கோபமோ? காரிலை ஏதும் பிழைச்சுப் போச்சோ? என்னவெண்டாலும் எழுது. ஒரு "ம்" எழுதி அனுப்பினாலும் காணும்.

இஞ்சை சூரியன் இப்ப மறையிறதே இல்லை. எல்லாரும் பைத்தியம் மாதிரித் திரியினம். தோள் நல்லாயிருக்கு.

மனிசி தட்டிறதைப் பற்றி அந்த ஆள் சொன்ன கதை எனக்கு வடிவாய்ப் படேல்லை. ஸ்பனர் கையிலை இருக்கிற மனிசியிட்டை அப்பிடிக் கதைச்சுப் பாக்கட்டும்.

ஜூன் கடைசியிலை ஒரு அலுவலாய் ஒஸ்லோ வாறன். அண்ணாவுக்கு இன்னும் சொல்லேல்லை. நீயும் சொல்லாதை. நான்தான் சொல்ல வேணும், எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை.

எழுது, பிள்ளை.

மாமி

*

வெஸ்ட்லி
8 ஜூன் 2025

அன்புள்ள மாமிக்கு,

எனக்குச் சுகம், மன்னித்துக்கொள்ளுங்கள். வெட்கத்தில் எழுதவில்லை. சித்திரையில் ஒருநாள் நான் தட்டிக்கொண்டிருந்தபோது பெந்தே கதவைத் திறந்துவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு, "இது கதைக்கிறது இல்லை ஹம்சா, இது தந்தி. பரிசோதகருக்கும் தட்டுவாயா?" என்றார். சொன்னது சரி. அதுதான் ஒன்றும் எழுத வரவில்லை. வேலையை மட்டும் செய்தேன்.

இப்போது எழுத நிறைய இருக்கிறது. இருந்து வாசியுங்கள்.

மே 31, சனிக்கிழமை கராச்சில் திறந்த நாள். வந்து காரெல்லாம் பார்க்கலாம். கப்ரிஸ் முடிந்து நடுவில் நின்றது. அவித்த நண்டு நிறம், வெயிலில் பார்க்கப் பசி வரும். பன்னிரண்டாம் திகதி பரிசோதனை. இருபதாம் திகதி கிளெமென்ற் அவர்கள் வந்து எடுப்பதாக இருந்தது.

பத்து மணிக்கு வாசலில் அப்பா நிற்கிறார்! அம்மா, கிருஷிகன், பக்கத்து மாடிப் பிலேந்திரன் மாமா, அவருடைய மனைவி. அம்மாவின் கையில் ரோல்ஸ் சட்டி. பிலேந்திரன் மாமா எங்கள் கராச்சின் முகநூலில் ஒரு படம் பார்த்திருக்கிறார். காருக்குக் கீழே இருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும் படம். கிருஷிகன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அக்காட சப்பாத்து" என்று சொல்லியிருக்கிறான்.

அப்பா நேரே பெந்தேயிடம் போனார். "என் மகளின் கதிரை எது?"

"அவளுக்குக் கதிரை இல்லை" என்றார் பெந்தே. "அந்தக் கார் அவள் கட்டினது."

அப்பா காரைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"தையிலையிருந்து."

"எனக்கேன் சொல்லேல்லை?"

நான் கையைப் பின்னால் மறைத்தேன். அப்பா, "இது பெடியளின்ரை வேலை, பிள்ளை. முதுகு போயிடும். நான் உன்னை" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அதற்குள் பிலேந்திரன் மாமா பின்கதிரையில் ஏறி அப்பாவைக் கூப்பிட்டார்.

"இரவி! இஞ்சை வாருமப்பா! கால் நீட்டினாலும் முட்டேல்லை. எங்கட வீட்டு விறாந்தையைவிடப் பெரிசு!"

அவருடைய மனைவியும் ஏறினார். அம்மா, "ஏறுங்கோப்பா, ஒரு படம் எடுப்பம்" என்று அப்பாவைத் தள்ளினார். கிருஷிகன் முன்னுக்கு நடுவில். என்னையும் இழுத்துப் பின்னுக்குப் போட்டார்கள். ரோல்ஸ் சட்டியைப் பின்பெட்டியில் வைத்தார்கள். பெந்தே அப்பாவிடம் கார்த் திறப்பை எறிந்தார். "நீங்கள் பஸ் சாரதியாமே? ஓட்டுங்கள்."

அப்பாவுக்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் முகம் மாறியதைக் கண்ணாடியில் கண்டேன். முற்றத்தைச் சுற்றி வந்தோம். எல்லாரும் கத்தினார்கள். வாசலில் ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறி இறங்கியபோது அப்பா பிறேக் போட்டார்.

"எல்லாரும் வாயை மூடுங்கோ."

பின்னுக்கு எடுத்தார். திரும்ப ஏறினார். அப்போது எனக்கும் கேட்டது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

"பின் இடது" என்றார் அப்பா. "ரயர் உரசுது. ஆக்கள் ஏறினாப் பிறகுதான் கேக்குது. பஸ்ஸும் இப்பிடித்தான், வெறும் பஸ்ஸிலை ஒரு வருத்தமும் தெரியாது. ஒருதரும் இறங்காதேங்கோ!" பிறகு என்னிடம், "நீ இறங்கு. ரோச் எங்கை?"

மாமி, அப்பா அந்த வெள்ளைச் சேட்டோடு நிலத்தில் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். மட்காட்டின் உள்விளிம்பில் கறுப்பு ரப்பர் துருவல். நான் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு தாள் போகும் இடம்கூட இல்லை.

"இந்த விளிம்பை மடிக்கலாமோ?" அப்பா கேட்டார்.

"மடிக்கலாம். ஆனால் பெயின்ற் வெடிக்கும். திரும்ப அடிக்க வேணும். பின் ஸ்பிறிங்கும் பலமானது போட வேணும்."

"எவ்வளவு நாள்?"

"நாலு கிழமை."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவும் தெரியுமோ உனக்கு?" என்று மட்டும் கேட்டார். மேலே இருந்து பிலேந்திரன் மாமா, "நாங்கள் இறங்கலாமோ? ரோல்ஸ் ஆறுது" என்று கத்தினார்.

பிழை என்னுடையது. நானும் பெந்தேயும் இரண்டு பேர் இருந்துதான் ஓட்டிப் பார்த்தோம். இப்படியான காரில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாயும்தான் போவார்கள், முப்பது வருடத்தில் ஆறு பேர் ஏறி நான் பார்த்ததில்லை என்று பெந்தே சொன்னார். அவர் அப்படிச் சொல்லலாம். நான் தமிழ் வீட்டுப் பிள்ளை. எங்கள் காரில் எப்போதாவது ஒரு இடம் வெறுமையாகப் போனதுண்டா?

"உன் கார். நீ முடிவு செய்" என்றார் பெந்தே.

திங்கட்கிழமை கிளெமென்ற் அவர்களுக்குப் போன் எடுத்தேன். அவர் நல்ல சந்தோசமாக இருந்தார். "இருபதாம் திகதி வாறன். கார் ரெடிதானே? தட்டும் பாப்பம்."

"இல்லை" என்றேன்.

"ஆர் கதைச்சது?"

"நான்தான். கார் ரெடியில்லை. ஆறு பேர் ஏறினால் ரயர் உரசி வெட்டும். இன்னும் நாலு கிழமை வேணும், பரிசோதனையும் ஜூலைக்குத் தள்ளிப்போகும்."

"ஐயோ பிள்ளை. எனக்கு இருபத்தெட்டாம் திகதி கட்டாயம் கார் வேணும்."

"ஏலாது."

"ரெண்டு பேர்தான் ஏறுவம். சத்தியமாய்."

"இப்ப அப்பிடித்தான் சொல்லுவியள். அண்டைக்குப் பின்னுக்கு ஒருதரும் ஏறாமல் விடுவினமோ?"

அவர் "ஏறுவினம்தான்" என்றார். பிறகு போன் நின்றுவிட்டது.

ஸ்பனர் முழு நேரமும் என் கையில்தான் இருந்தது. தட்ட மறந்துபோனேன்.

ஆறு நாளாக அவரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. இருபத்தெட்டாம் திகதி அவருக்கு அப்படி என்ன அலுவலோ? முக்கியமான ஒன்றைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் திரும்பக் கேட்டால் திரும்பவும் இல்லை என்றுதான் சொல்வேன்.

உங்கள் அலுவல் நல்லபடி நடக்கட்டும். வரும்போது என் அறையில் படுக்கலாம்.

ஹம்சா

*

பாட்ஸ்பியோர்ட்
14 ஜூன் 2025

என்ரை தங்கத்துக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இருபத்தெட்டாம் திகதி அவருக்கு என்ன அலுவலெண்டு கேட்டிருந்தாய். கல்யாணம். என்னோடை.

இரு, முழுக்க வாசி. நானும் கிளெமென்றும் முந்தி இஞ்சை ஒரே மேசையிலை மீன் வெட்டினனாங்கள். அப்ப எனக்கு இருபது வயது. அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவர், நாங்கள் சைவம், ஊருக்குக் காசு அனுப்பிற காலம், ஒருதரும் ஒண்டும் வாய் திறக்கேல்லை. அவர் ஸ்தவாங்கருக்குப் போட்டார். ஆறு வருசத்துக்கு முன்னம் ஒரு செத்தவீட்டிலை கண்டம். அண்டையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன். அந்த நண்டு ஓட்டை அனுப்பினதும் நான்தான், உன்ரை கராச்சுக்கு அவரை அனுப்பினதும் நான்தான். மாமியின்ரை கல்யாணக் கார் எண்டால் உனக்குக் கை நடுங்குமெண்டு சொல்லேல்லை. அதைவிட, உனக்குச் சொன்னால் அண்ணாவுக்கும் சொல்ல வேணும். அதுதான் உண்மை.

நீ "இல்லை" எண்ட உடனை மனிசன் எனக்கு எடுத்தவர். "தேவி, உன்ரை மருமகள் எங்கட கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள்." நான் அழத் தொடங்க, அவர் சிரிக்கிறார். "பெட்டை கதைச்சவள்! ரெண்டு பேர்தான் ஏறுவம் எண்டு சத்தியம் பண்ணினன். அவள் நம்பேல்லை." எப்பிடி நம்பிறது? பின்கதிரைக்கு இப்பவே அவற்றை ரெண்டு தங்கச்சிமாரும் சண்டை. உனக்கு உடனை பதில் சொல்லவேண்டாமெண்டு அவரை மறிச்சதும் நான்தான். முதலிலை அண்ணாவுக்குச் சொல்ல வேணுமே.

இருபத்தாறு வருசமாய் என்ரை கல்யாணம் தன்ரை பாட்டிலை தள்ளித் தள்ளிப் போனது. ஒரு நல்ல காரணத்துக்காகத் தள்ளி வைச்சது நீ ஒராள்தான். ஜூலை பத்தொன்பதெண்டு மாத்தியாச்சு.

உன்ரை கடிதம் நேற்று வந்தது. இடைவேளையிலை வாசிச்சுப்போட்டு, கையுறையையும் கழட்டாமல் போய் போன் வைக்கிற பெட்டியைத் திறந்து அண்ணாவுக்குப் போன் எடுத்தனான். அவர் என்ன சொன்னவர் எண்டு நீ எழுது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டு, பயத்திலை போனை வைச்சுப்போட்டன்.

மாமி

*

வெஸ்ட்லி
6 ஜூலை 2025

அன்புள்ள, என்னை ஏமாற்றிய மாமிக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு இனி என்ன குறை?

அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றார். அம்மா, "ஆர்?" என்றார். "தேவி. கல்யாணமாம்." அம்மா கத்திய கத்தலில் கிருஷிகன் குளியலறையில் இருந்து துவாயோடு ஓடி வந்தான். அப்பா கதிரையில் இருந்தார். "கிளெமென்றோ? பாட்ஸ்பியோர்ட்டிலை எனக்கு முதல் குளிருக்கை தன்ரை ஜக்கெற்றைக் கழட்டித் தந்த கிளெமென்றோ? அவனைக் கட்ட என்னட்டை ஏன் பயம்?" பிறகு என்னைப் பார்த்து, "இந்த வீட்டிலை பொம்பிளையள் எல்லாரும் நல்ல அலுவலை மட்டும் எனக்கு மறைச்சுத்தான் செய்யினம்" என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு எடுத்தார், நீங்கள் தூக்கவில்லை. பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மீன் வெட்டப் போயிருப்பீர்கள்.

வியாழக்கிழமை கராச்சிலேயே பரிசோதனை. விளிம்பை மடித்து, ஸ்பிறிங் மாற்றி, திரும்பப் பெயின்ற் அடித்திருந்தோம். பரிசோதகர் நெட்டையான ஆள், கையில் பலகை. பெந்தே தூரத்தில் போய்க் கோப்பி குடித்தார். வேண்டுமென்றுதான்.

"இந்தச் சில்லு ஏன்?" என்று பரிசோதகர் கேட்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். பிறகு நான் சில்லைத் தொட்டேன். தொட்டவுடன் கதை வந்தது. பழைய சில்லின் சுற்றளவு இவ்வளவு, புதுசு இவ்வளவு, வேகமானியை இப்படித் திருத்தினேன், பிறேக் தட்டு இந்த அளவு, ஏனென்றால் பாரமான சில்லை நிறுத்தப் பழைய பிறேக் காணாது. அவர் எழுதிக்கொண்டே வந்தார். "சுமையோடு பார்த்தீர்களா?" என்றார்.

"இப்போது காட்டுகிறேன்" என்றேன். கையைக் காட்டினேன். வாசலில் நின்ற எங்கள் வீட்டுக் காரில் இருந்து அப்பா, அம்மா, கிருஷிகன், பிலேந்திரன் மாமா, அவருடைய மனைவி எல்லாரும் இறங்கி வந்து வரிசையாக ஏறினார்கள். அம்மா சேலை. பிலேந்திரன் மாமா பரிசோதகருக்குக் கை கொடுத்து, "நாங்கள்தான் சுமை" என்றார்.

பரிசோதகர் தானே ஆறாவதாக ஏறினார். அப்பா மேட்டில் ஏற்றி இறக்கினார். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப ஏற்றச் சொன்னார், அப்பா திரும்ப ஏற்றினார். எல்லாமாக நாற்பது நிமிடம் கதைத்தேன். நாலு இல்லை, நாற்பது.

பாஸ்.

பெந்தே அங்கேயே ஒப்பந்தத் தாளை எடுத்துக் காரின் முன்மூடியில் வைத்துக் கையெழுத்துப் போடப் போனார். "அதிலை வைச்சு எழுதாதேங்கோ, பெயின்ற்றிலை எழுத்து பதியும்!" என்று நான் கத்தினேன். தமிழில்! அவருக்கு விளங்கிவிட்டது. தாளை அப்பாவின் முதுகில் வைத்து எழுதினார். அப்பா குனிந்து நின்றார். நிமிர நேரம் எடுத்தது. கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன், அவர் தூசி என்றார்.

சேலை என்ன நிறம்? நண்டு நிறமா?

உங்கள் லேர்லிங்,
ஹம்சத்வனி

*

ஒஸ்லோ
20 ஜூலை 2025, காலை

அன்புள்ள மாமிக்கும் மாமாவுக்கும்,

இந்தக் கடிதம் தபாலில் வராது. காரின் முன்பெட்டிக்குள் வைக்கிறேன். பாட்ஸ்பியோர்ட்டுக்கு வெளிக்கிடும்போது வாசியுங்கள். நேற்று ஆடிய ஆட்டத்தில் தோள் நோகுதா மாமி?

நேற்றைக்கு ஆறு பேர் காரில் ஒன்பது பேர் ஏறியதைக் கண்டீர்கள்தானே. மாமாவின் இரண்டு தங்கச்சிமாரையும் பிலேந்திரன் மாமாவையும் இறக்கியது நான்தான். மண்டபத்து வாசலில், எல்லாருக்கும் முன்னால், சத்தமாக. கோபித்திருந்தால் என் சார்பில் சமாதானம் சொல்லுங்கள், ஆனால் திரும்ப ஏற்றாதீர்கள்.

இப்போது வேலை விசயம். புதுச் சில்லு பூட்டினால் முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நட் எல்லாம் திரும்ப இறுக்க வேண்டும். ஸ்பனர் பின்பெட்டியில், சிவப்புத் துணியில். ஒரு சில்லுக்கு ஐந்து நட். நட்சத்திரம் கீறுகிற மாதிரி எதிர் எதிராக இறுக்குங்கள், வரிசையாக வேண்டாம். "கிளிக்" கேட்டால் போதும். மாமா களைத்திருப்பார், மாமியே செய்யட்டும், அவவின் கை பலம். வடக்கே வீதியில் கலைமான் நிற்கும், பிறேக் நல்லது, ஆனாலும் மெதுவாகப் போங்கள்.

நூறு கிலோமீட்டர் எங்கே வரும் என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டால் அங்கே போகப் பத்தரை மணி ஆகும். பத்து முப்பத்தைந்துக்கு நான் போன் எடுப்பேன். மாமி, தூக்குங்கள். நான்தான் கதைப்பேன், நீங்கள் "ம்" சொன்னால் காணும்.

ஹம்சா